சித்தாளின் பெட்டி

2015 மே மாதத் தொடக்கத்தில் காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 196 டன்னுக்கு மேல் எடையுள்ள விமானங்கள் இனி இங்கே இறங்கக் கூடாது. ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின் நிவாரணப் பொருள்களோடு பல நாடுகளிலிருந்தும் வந்திறங்கிய பெரிய விமானங்களின் பாரத்தில் ஓடுபாதை சேதமடைந்துகொண்டிருந்தது. நாட்டுக்கு அப்போது இருந்தது அந்த ஒரே பன்னாட்டு விமான நிலையம். அதற்கு ஒரே ஓடுபாதை. உதவியின் எடையே உதவி வரும் வழியை மறித்தது.

நேபாளத்தின் காவ்ரே மாவட்ட மலைக் கிராமம் ஒன்றில் வீடு கட்டும் வேலைக்குத் தன்னார்வலராகப் போகிறவர், பெட்டியைத் திறந்துவைத்து உட்காரும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் யாரோ சுமக்கப்போகிறார்கள். விமானம் சுமக்கும், ஜீப் சுமக்கும். ஜீப் ஏற முடியாத கடைசி ஏற்றத்தில் நெற்றியில் பட்டை மாட்டி, முதுகுக் கூடையில் சுமப்பது பல ஊர்களில் பெண்கள்தான். கூடைக்கு டோக்கோ என்று பெயர், நெற்றிப் பட்டைக்கு நாம்லோ. செங்கல், மணல், விறகு, மாட்டுத் தீவனம் எல்லாம் அதில்தான் மேலே போகின்றன. அந்தக் கூடையில் விருந்தாளியின் பெட்டிக்கும் இடம் கேட்பது எவ்வளவு நியாயம் என்று வீட்டிலேயே யோசித்துவிடுவது நல்லது.

அந்த ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். முற்பகல் 11.56க்கு, கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்தருகே மையம் கொண்டு 7.8 அளவில் பூமி ஆடியபோது பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் விழுந்தும் பிள்ளைகள் தப்பியது அதனால்தான். மே 12-இல் 7.3 அளவில் இன்னொரு நடுக்கம். இரண்டிலுமாக ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முற்றிலும் இடிந்தன. உயிரிழப்பு மிக அதிகமாக இருந்த மாவட்டம் சிந்துபால்சோக். அதை ஒட்டிய காவ்ரே மாவட்டத்திலும் மலைச்சரிவுகள் நெடுக வீடுகள் சரிந்தன.

மலை வீடுகள் பெரும்பாலும் கல்லையும் மண்சாந்தையும் வைத்துக் கட்டியவை. குளிருக்கு இதமானவை, பக்கத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டே எழுப்பிவிடலாம். பக்கவாட்டில் உலுக்கினால் மட்டும், கல்லைக் கல்லோடு பிடித்துவைக்க அதில் எதுவும் இல்லை. மறுகட்டுமானத்துக்கு நேபாள அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் நேபாள ரூபாய் மானியம் அறிவித்தது. ஒரே தவணையில் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் போட்டதும் 50,000. அஸ்திவாரம் முடிந்து, பொறியாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு 1,50,000. சுவர் எழும்பிய பின் மீதி 1,00,000. விதிப்படி கட்டாத வீட்டுக்கு அடுத்த தவணை கிடையாது.

விதியின் சாரம் எளியது. நம் ஊர்க் கொத்தனார்கள் ‘பெல்ட்’ என்று சொல்லும் கான்கிரீட் பட்டை, அஸ்திவாரத்தின் மேல் ஒன்று, ஜன்னல் அடிமட்டத்தில் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று என வீட்டைச் சுற்றி வர வேண்டும். மூலைகளில் செங்குத்தாகக் கம்பி. கல்சுவரானால் அதன் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கற்கள் இடையிடையே. ஜன்னலும் கதவும் மூலையை ஒட்டி வரக் கூடாது. வீடு ஆடலாம், பிரிந்து விழக் கூடாது. இதைச் செய்யக் கம்பியும் சிமென்டும் வேண்டும், பழகிய கொத்தனாரும் வேண்டும். இவற்றோடு ஏராளமான கைகளும் வேண்டும்.

கைகளுக்குத்தான் பஞ்சம். நேபாளக் கிராமங்களின் இளைஞர்கள் கத்தாரிலும் சவூதியிலும் மலேசியாவிலும் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கு அளவுக்கு வரும். சொந்த ஊரில் வீடு விழுந்தபோது அங்கே இருந்தவர்கள் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும். பெண்களுக்குக் கொத்து வேலைப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை ஆண்களுடையதாக இருந்த தொழிலில் கரண்டியும் ரசமட்டமும் பெண்கள் கைக்கு வந்தன. வெளிநாட்டுத் தன்னார்வலர் குழுக்கள் வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான்.

ஊர்விட்டு ஊர் போய் முன்பின் தெரியாதவருக்கு வீடு கட்டித் தரும் இந்த வழக்கத்துக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கொய்னோனியா என்ற பண்ணையில், விவசாயியும் இறையியலாளருமான கிளாரன்ஸ் ஜோர்டானோடு சேர்ந்து மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் யோசித்த யோசனை அது. லாபமில்லை, வட்டியில்லை, வீட்டுக்காரரும் கூட நின்று உழைக்க வேண்டும். 1973-இல் அவர்கள் ஜயர் நாட்டுக்கு, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசுக்குப் போய் அதைச் செய்து பார்த்தார்கள். திரும்பி வந்து 1976-இல் ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பைத் தொடங்கினார்கள். இந்தியாவில் அதன் வேலை 1983-இல் கம்மத்தில் ஆரம்பித்தது. 1984-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோஸலினும் நியூயார்க்கில் ஒரு பாழடைந்த கட்டடத்தைப் புதுப்பிக்க வந்த பிறகு உலகம் முழுக்க அதன் பெயர் தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் சுத்தியலோடு ஏதாவது ஓர் ஊரில் நிற்பதை அந்தத் தம்பதியர் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார்கள். 2006-இல் அவர்கள் வந்த இடம் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகிலுள்ள மளவ்லி. அங்கே 100 வீடுகள் எழுந்தன.

2015 நவம்பரில் கார்ட்டர்கள் நேபாளத்துக்கு வருவதாக இருந்தது. இடம், தெற்கே சித்வான். கார்ட்டருக்கு அந்த ஆகஸ்டில் வயது 90. தமக்குப் புற்றுநோய் மூளைவரை பரவியிருப்பதை அப்போது செய்தியாளர்களிடம் சொன்ன அதே சந்திப்பில், நேபாளம் போக இன்னும் ஆசையிருக்கிறது என்றும் சொன்னார். பயணத்தை நிறுத்தியது நோயில்லை. செப்டம்பர் 20-இல் நேபாளத்தின் புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தெராய் சமவெளியில் போராட்டம் முற்றியது. இந்திய எல்லையில் லாரிகள் நின்றன. பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் மருந்தும் கிடைக்காமல் நாடே தவித்தது. அக்டோபரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். கார்ட்டர் நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் போய்ச் சுத்தியல் பிடித்தார்.

தேதி குறிக்கும்போதே இதெல்லாம் கணக்கில் வர வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பாதை சரியும், அட்டை ஏறும், ஈரமண்ணில் வேலை நகராது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தசைன் வரும். ஊரே வீடு திரும்பும் பெருநாள் அது, எந்தக் கொத்தனாரும் வேலைக்கு வர மாட்டார், வரச் சொல்வதும் முறையில்லை. அடுத்து திஹார். அது முடிந்த பிறகு வரும் நவம்பர் நல்ல காலம். வானம் தெளிவு, பகலில் மிதமான வெயில், இரவில் போர்வைக்குள்ளும் குளிர். ஒரு வாரம் வேலை என்றால் சனிக்கிழமை ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள்.

தன்னார்வலர்களை ஊருக்குள் விடலாமா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. 1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்தபோது வட அமெரிக்காவிலிருந்து தேவாலயக் குழுக்கள் அலையலையாகப் போய் வீடு கட்டிக்கொடுத்தன. ஹோண்டுராஸிலேயே பல காலம் வாழ்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் அதை ஆராய்ந்து 2006-இல் கட்டுரை வெளியிட்டார். விமானக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் வெளிநாட்டுக் குழு கட்டிய ஒரு வீட்டின் அடக்கச் செலவு 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு அதே போன்ற வீட்டை 2,000 டாலருக்குக் கட்டியது. குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில், யார் கட்டிய வீடு என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். பணத்தை மட்டும் அனுப்பினால் அதிக வீடுகள் எழும் இடங்களும் உண்டு, அங்கே பணம் அனுப்புவதே சரி. போவது பொருந்துவது எப்போது? உள்ளூர் அமைப்பு தானாகக் கூப்பிடும்போது. பயணக் கட்டணத்தின் ஒரு பகுதி சிமென்டுக்கும் கம்பிக்கும் கொத்தனார் கூலிக்கும் போகிறது என்பது எழுத்தில் இருக்கும்போது. உள்ளூர்க்காரரின் ஒருநாள் கூலியைக்கூட வந்தவர் பறிக்காதபோது. வந்தவர் தம்மைக் கொத்தனாராக எண்ணிக்கொள்ளாமல் சித்தாளாக நிற்கச் சம்மதிக்கும்போது. கடைசியாகச் சொன்னதில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது. மணல் சலிப்பது, கல் கடத்துவது, கலவை குழைப்பது, பாண்டு தூக்குவது, கம்பி வளைத்து ரிங் கட்டுவது, எழும்பிய சுவருக்குத் தண்ணீர் தெளிப்பது இவையெல்லாம் சித்தாள் வேலை. ஒரு வீட்டில் பாதி உழைப்பு இதுதான். மகன்கள் தோஹாவில் இருக்கும் வீட்டில் ஒரு பாட்டி தனியாகச் செய்ய முடியாததும் இதுதான்.

சித்தாளாக நிற்க உடம்பு ஒத்துழைக்க வேண்டும். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அலுவலக நாற்காலியில் ஆண்டுகளைக் கழித்த இடுப்பை விமானம் ஏறும் வாரத்தில் பழக்கிவிட முடியாது. புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே குந்தி உட்கார்ந்து எழுவதையும், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிச் சுமை எடுப்பதையும், முதுகுப் பையில் எடை போட்டுப் படியேறுவதையும் தொடங்கிவிட வேண்டும். குந்தி உட்காரப் பழகுவதில் இன்னொரு பயனும் உண்டு. கிராமத்துக் கழிப்பறை, அடுப்படி, தேநீர் வேளை மூன்றிலும் அது உதவும்.

டெட்டனஸ் ஊசி கட்டாயம். 10 ஆண்டுகளுக்குள் போட்டதாக இருக்க வேண்டும். துருப்பிடித்த ஆணியும் கம்பியும் கிடக்கும் இடத்துக்குப் போகிறவர் இதைத் தள்ளிப்போடவே கூடாது. டைஃபாய்டு, மஞ்சள் காமாலையின் ஏ வகை இரண்டுக்கும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தால் அந்தச் செலவையும் ஏற்கும் காப்பீடு வேண்டும். வேலை நடக்கும் காவ்ரே சரிவுகள் பெரும்பாலும் உதகை அளவுக்குக்கூட உயரமில்லை, காத்மாண்டுவே சுமார் 1,400 மீட்டர்தான். எனவே எவரெஸ்ட் பாதைக்காரர்கள் கவலைப்படும் உயர நோய் இங்கே பேச்சில்லை. வயிறும் தண்ணீரும்தான் பேச்சு.

தண்ணீருக்கு ஒரு சான்று போதும். 2017 ஜூலையில் கனடாவின் வின்னிபெக்கில் வீடு கட்டும் களத்தில் 92 வயது கார்ட்டர் வெயிலில் நீரிழப்பால் சோர்ந்து சாய்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை மீண்டும் களத்துக்கு வந்தார். தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாரிடமும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தனை ஆண்டு களம் கண்டவருக்கே அப்படி நேர்ந்தது. நவம்பர் மலைக்காற்றில் வியர்ப்பது தெரியாது, தாகம் எடுக்காது. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, குளோரின் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கொஞ்சம். அந்தப் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கரைத்தால் கெடுதல். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக மலைமேல் ஏற்ற வேண்டாம். காலிப் பாட்டில்களை அந்த ஊர் எங்கே கொண்டுபோய்ப் போடும்?

பெட்டியில் முதலில் இறங்க வேண்டியது காலணி. தடித்த அடிப்பாகம், கணுக்காலைப் பிடிக்கும் உயரம், முடிந்தால் விரல் பகுதியில் இரும்புக் கவசம். புதிதாக வாங்கி அப்படியே கொண்டுபோகாமல், வீட்டிலிருக்கும்போதே சில வாரம் போட்டு நடந்து இளக்கிவிட வேண்டும். கொப்புளம் விழுந்த காலோடு ஏற்றத்தில் சுமை தூக்க முடியாது. கழற்றி மாட்ட எளிதான செருப்பு ஒரு ஜோடி. வீட்டுக்குள்ளும் அடுப்படிப் பக்கமும் காலணியோடு போகக் கூடாது என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது கையுறை, அதுவும் இரண்டு வகை. கல்லும் கம்பியும் தூக்கத் தோல் கையுறை. கலவைக்கு ரப்பர் பூசியது. ஈரச் சிமென்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. பட்டவுடன் எரியாது. மாலையில் கழுவும்போதுதான் விரலிடுக்கில் தோல் வெந்திருப்பது தெரியும். தோல் கையுறைக்குள் கலவை நீர் இறங்கினால் வெறுங்கையைவிட மோசம், உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். சிமென்ட் மூட்டை பிரிக்கும்போதும் மணல் சலிக்கும்போதும் மூக்குக்கு என்-95 முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. தலைக்கவசம் களத்தில் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

உடைகளில் முழுக்கைப் பருத்திச் சட்டை, தளர்வான முழுக்கால் சட்டை. முழங்காலும் தோளும் தெரியாத உடை கிராமத்துக்கு மரியாதை, வெயிலுக்கும் முள்ளுக்கும் பாதுகாப்பு. இரண்டு ஜோடி வேலைக்கு, ஒரு ஜோடி மாலைக்கு, ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லாய். இதற்கு மேல் துணி வேண்டாம். துவைத்தால் மலைக்காற்றில் காய்ந்துவிடும். தலையில் மாட்டும் டார்ச், தூங்கும் பை, சாதாரண மாத்திரைகள், பஞ்சு, பிளாஸ்டர், பெண்களுக்கு மாதவிடாய்த் துணிகளோ கோப்பையோ. பயன்படுத்திய அணையாடையை வீசிவிட்டு வர அங்கே குப்பை வண்டி வராது என்பதால் இதையும் யோசித்தே எடுக்க வேண்டும்.

சுத்தியல், அளவு நாடா, கொத்துக் கரண்டி கொண்டுபோவதானால் அவை விமானத்தின் அடிவயிற்றில் போகும் பெட்டியில்தான் இருக்க வேண்டும், கைப்பையில் கண்டால் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் வர வேண்டும். மருந்தும் ஒருநாள் வேலையுடையும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டி தாமதமானாலும் மறுநாள் வேலை நிற்காது.

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போகிறவர் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ காட்ட வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையத்துக்குப் போனால் திரும்ப வேண்டியதுதான். இந்திய ரூபாய் 1-க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதம். நம் ஊர் பிளக் அங்கே பொருந்தும். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளினால் போதும்.

இனிப் பரிசுப் பொருள்கள். பெட்டி கனமாவது பெரும்பாலும் இங்கேதான். பழைய துணி, பொம்மை, மிட்டாய், பேனா என்று அன்பு மேலிட்டு அள்ளிப் போடுவார்கள். பெறும் பக்கத்தில் நின்று இதைப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையோரச் சாலைகளில் நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் மலைமலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, மாடு மிதித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மீனவப் பெண்களுக்கு, அடுத்தவர் கிழித்துப் போட்டதைக் குனிந்து பொறுக்க மனம் வரவில்லை. தேங்கிப்போன அந்தத் துணிகளைப் பிறகு டெல்லியின் கூஞ்ச் அமைப்பு எடுத்துத் தரம் பிரித்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதைக் கண்ட ஊரிலிருந்து போகிறவர்கள் பழைய துணி மூட்டையோடு காவ்ரே மலை ஏறக் கூடாது.

குழந்தைகளுக்குத் தெருவில் நின்று மிட்டாய் கொடுப்பதும் அப்படித்தான். அடுத்த வெளிநாட்டுக்காரரைக் கண்டதும் கைநீட்ட அது பழக்குகிறது, பல் மருத்துவர் இல்லாத ஊரில் பல்லையும் கெடுக்கிறது. கொடுக்க விரும்பினால் அமைப்பிடம் கேட்டு, பள்ளிக்கோ பெண்கள் குழுவுக்கோ மொத்தமாகக் கொடுக்கலாம். அதையும் பக்கத்து நகரமான பானேபாவின் கடைத்தெருவில் வாங்கினால் அந்த ஊர்க் கடைக்காரருக்கு வியாபாரம். கருவிகள் வேறு. நல்ல ரசமட்டம், நல்ல அளவு நாடா, வெட்டுக் கத்திரி போன்றவை வேலை முடிந்த பின் கொத்தனாரிடம் விட்டுவர ஏற்றவை. அவர் அடுத்த வீட்டையும் அதைக்கொண்டு கட்டுவார்.

திரிபுவனில் இறங்குவதற்கு முன் விமானம் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி. ஒரே ஓடுபாதைக்கு வரிசை. ஜன்னலில் பனிமலை தெரியும்போது குழுவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள். வெளியே வந்ததும் தூசி. அரனிகோ நெடுஞ்சாலையில் பக்தபூரைக் கடந்து பானேபா, துலிகேல் பக்கம் வண்டி ஏறும்போது நகரம் மெல்ல விடுகிறது. இதே சாலை மேலும் வடக்கே போய்த் திபெத் எல்லையில் முடிகிறது. சரிவுகளில் உருளைக்கிழங்கு வயல்கள், கடுகுப் பூ, நீலத் தகரக் கூரைகள். நீலத் தகரம் தெரியும் இடங்களில் பல, நிலநடுக்கத்துக்குப் பின் போட்ட கொட்டகைகள். பானேபாவுக்குத் தெற்கே பனௌதி என்ற பழைய ஊர் இருக்கிறது. ஊர் முழுவதும் ஒரே பாறையின் மேல் நிற்பதாகவும், அதனால் நிலநடுக்கம் அதை ஒன்றும் செய்யாது என்றும் அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களுக்கு அப்படி ஒரு பாறை வாய்க்கவில்லை.

வேலை நாள் பாலில்லாத் தேநீரோடு தொடங்கும். சோறு காலை 9, 10 மணிக்குத்தான் வரும். தால் பாத், கீரை, ஊறுகாய். பிறகு மதியத்தில் அவலோ மக்காச்சோளமோ சிறுதீனி, இரவில் மீண்டும் தால் பாத். விடிந்ததும் பலகாரம் சாப்பிட்டே பழகியவர்கள் கடலை மிட்டாயும் வறுத்த வேர்க்கடலையும் எடுத்துப்போனால் முதல் இரண்டு மணிநேரம் தலைசுற்றாது. எச்சில் பார்க்கும் ஊர். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கத் தெரிந்தவரைப் பார்த்தால் வீட்டுக்காரி முகம் மலரும். வயதில் மூத்த ஆணை ‘தாய்’ (அண்ணன்) என்றும் பெண்ணை ‘தீதீ’ (அக்கா) என்றும் கூப்பிட வேண்டும். கொத்தனாரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், வந்தவர்களும் அப்படியே கூப்பிடலாம்.

அந்தக் கொத்தனார்தான் களத்தின் தலைவர். அவர் நூல் பிடிப்பார், தூக்குக்குண்டு விடுவார், முதல் வரியை வைப்பார். ஆர்வத்தில் கரண்டி கேட்கும் தன்னார்வலருக்குச் சில செங்கற்களைக் கொடுத்துப் பார்ப்பார். நூலுக்கு விரற்கடை விலகியிருந்தால் ஒன்றும் பேசாமல் எடுத்துச் சுரண்டி மறுபடி வைப்பார். அதில் வருத்தப்பட இடமில்லை. அந்தச் சுவரை ஒட்டித்தான் ஒரு குடும்பம் படுத்துறங்கப்போகிறது, அடுத்த தவணைக்கு வரும் பொறியாளரும் அதைத்தான் அளந்து பார்ப்பார். முதல் நாளிலேயே இதைப் புரிந்துகொண்ட குழு, இரண்டாம் நாள் கேட்காமலேயே கல் கடத்த வரிசையில் நின்றுவிடும். கல் கைமாறும் வேகம் கூடக் கூடக் கொத்தனாரின் கரண்டி ஓயாது. லிண்டல் பெல்ட்டுக்குக் கம்பி கட்டும் நாளில் உள்ளங்கை முழுக்கக் கட்டுக்கம்பியின் கீறல் விழும், கான்கிரீட் கொட்டும் நாளில் நடுவில் நிறுத்த முடியாது. பாண்டுகள் கைமாறி மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரப் பாட்டியும் அந்த வரிசையில் நிற்பார், பெரும்பாலும் எல்லாரையும்விடச் சளைக்காமல்.

படம் எடுப்பதில் கவனம் தேவை. குழந்தையைப் படமெடுக்கப் பெற்றவரிடம் கேட்க வேண்டும், இடிந்த வீட்டின் முன் நிறுத்திவைத்து எடுக்கவே கூடாது. வீடு எப்படி விழுந்தது, யார் போனார்கள் என்று துருவுவதும் வேண்டாம். அவர்களே சொல்லும்போது கேட்டால் போதும். சொல்கிறார்கள். மாலையில் அடுப்படியில், மொழி பாதி புரிந்தும் புரியாமலும், கத்தாரிலிருந்து மகன் வீடியோவில் கூப்பிட்டுச் சுவரைக் காட்டச் சொல்லும்போது சொல்கிறார்கள். வந்தவர்கள் தங்கள் வீட்டுப் படங்கள் சிலவற்றை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தால் பேச்சு இருபக்கமும் ஓடும். தங்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் மற்றவரைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நல்ல விருந்தாளிக்கு அழகில்லை.

குழு கிளம்பும்போது வீடு முடிந்திருப்பதில்லை. கூரை பாக்கி, பூச்சு பாக்கி, கதவு பாக்கி. ஈரச் சுவருக்குக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் தெளித்தாக வேண்டும், அதற்கும் டோக்கோவில் ஏற்றித்தான் குடம் வர வேண்டும். நெற்றியில் டீகா, கழுத்தில் காதா சால்வை, கும்பிட்ட கைகள் என்று வழியனுப்பு முடிந்த பின்னும் கொத்தனாருக்கு ஒரு மாத வேலை இருக்கும். அவர் கூலிக்கும் தகரத்துக்கும் பணம் நேரத்தில் வந்து சேர்கிறதா என்று ஊர் திரும்பிய பிறகு கேட்டுக்கொண்டிருப்பதும் குழுத்தலைவரின் கடமை. பல குழுக்கள் கோட்டைவிடும் இடம் இது.

தேவை இன்னும் முடியவில்லை. 2023 நவம்பர் 3 இரவு மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் மீண்டும் நிலம் ஆடியது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விழுந்தவை அதே கல், அதே மண்சாந்து வீடுகள். ஜாஜர்கோட் காவ்ரேவைவிடத் தொலைவு, பாதை கடினம், குளிர் அதிகம், கடைகள் குறைவு. அங்கே போகிறவர்களின் பட்டியலில் குளிராடை கூடும், மற்றவை குறையும். காவ்ரேயில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அந்தப் பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டியது கையுறையின் அளவு. ஆண்களின் கைக்கு வாங்கிய பெரிய கையுறைகள் களத்தில் மிஞ்சிக் கிடக்கின்றன. கலவை குழைக்கும் பெண்களின் கைக்குச் சிறிய அளவு வேண்டும், ரப்பர் பூசியது, ஆளுக்கு இரண்டு ஜோடி.